நாக் ஹம்மாதி நூல்களும் நீசேயா கதையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாக் ஹம்மாதி சுவடிகள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். 1945-ல் எகிப்தில் ஜாடிக்குள் கிடைத்த, பெரும்பாலும் ஞானவாதக் கிறிஸ்தவ நூல்கள் அடங்கிய அந்தத் தொகுதிகளைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால், 325-ல் ஆயர்கள் கூடிய நீசேயா சங்கத்தில் வாக்கெடுத்து இந்நூல்களைத் தள்ளினார்கள் என்று எழுதியிருப்பது தவறு. அந்தச் சங்கம் கூடியது முக்கியமாக, இறைமகன் படைக்கப்பட்டவரே என்ற குரு ஆரியுவின் போதனையால் எழுந்த பிணக்கைத் தீர்க்க. விவிலியத்தில் எந்த நூல் சேரும் என்று அது முடிவெடுக்கவில்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் பட்டியலிட்டது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367-ல் எழுதிய பாஸ்கா (உயிர்ப்பு விழா) மடல்.

இத்தகைய நூல்களின் கருத்துகளைப் பற்றிய சண்டை அதற்கும் வெகுகாலம் முந்தையது. 180 வாக்கிலேயே லியோன் ஆயர் இரேனியு ஞானவாதிகளை மறுத்துப் பெரிய நூல் எழுதிவிட்டார். இவ்வுலகைப் படைத்தது அறியாமை கொண்ட ஒரு கீழ்த்தெய்வம், உண்மைத் தந்தை அதற்கும் அப்பால் இருக்கிறார், அவரை அறியும் ஞானமே மீட்பு என்பது அவர்களில் பலர் சொன்னது. படைத்தவரும் இயேசுவின் தந்தையும் ஒருவரே என்று இரேனியு வாதாடினார். நெடுங்காலம் இந்த ஞானவாதிகளை நாம் பெரும்பாலும் எதிராளிகளின் வாய்வழியாகவே அறிந்திருந்தோம். இப்போது அவர்களுடைய ‘யோவானின் இரகசிய நூல்’ நாக் ஹம்மாதியிலேயே மூன்று பிரதிகளாகக் கிடைத்திருக்கிறது. அதன் முற்பகுதியை இரேனியு தரும் சுருக்கத்தோடு ஒப்பிட்டால், பல இடங்களில் நெருக்கமாகப் பொருந்துகிறது. அவர் கேலி செய்தார்தான், ஆனாலும் இங்கே இட்டுக்கட்டவில்லை. கட்டுரையாளர் அவரை வெறும் அவதூறுக்காரராகக் காட்டியது நியாயமில்லை.

இந்நூல்களைக் கண்டு விசுவாசிகள் அஞ்சவும் வேண்டாம். ஆறாம் தொகுதியில் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது! அதே தொகுதியில், இன்னும் பல நூல்கள் கைக்கு வந்தன, அவை உங்களிடம் ஏற்கெனவே இருக்குமோ என்று தயங்கி எழுதாமல் விட்டேன் என்று பிரதியெடுத்தவர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். ஏழாம் தொகுதியின் தோல் அட்டைக்குள் திணித்திருந்த பழைய பாப்பிரஸ் தாள்களில் 348-ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்றும் உண்டு. இச்சுவடிகளை எழுதி வைத்திருந்தவர்கள் தேடித் தேடிப் படித்த மனிதர்கள். ‘இதுதான் மறைக்கப்பட்ட உண்மைக் கிறிஸ்தவம்’ என்று முழங்குவோரும், ‘சாத்தானின் சரக்கு’ என்று ஒதுக்குவோரும் அந்த மனிதர்களைக் காணத் தவறுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. நாக் ஹம்மாதியில் கிடைத்த, இயேசுவின் 114 வாக்குகள் கொண்ட ‘தோமா நற்செய்தி’யில், கட்டுரை சொல்வதுபோல் இந்தியப் பயணம் எதுவும் இல்லை. திருத்தூதர் தோமா இந்தியா வந்ததைச் சொல்வது ‘தோமாவின் பணிகள்’ என்னும் வேறு நூல். அது நாக் ஹம்மாதியில் கிடைத்ததும் அல்ல. தோமாவின் நினைவாகப் போற்றப்படும் பரங்கிமலைக்குப் போய்வரும் வாசகர்கள் பலர் இருப்பதால், இந்தத் திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை