காய்ச்சல் விட்டாலும் மருந்தை நிறுத்தாதே

அன்புள்ள கயலுக்கு,

பேரனின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் எடுத்துச் சோதித்ததில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாக் கிருமி இருப்பதாக வந்தது என்று எழுதியிருந்தாய். காய்ச்சல் விட்டு ஓடி விளையாடுகிறான், இன்னும் எதற்கு மருந்து என்றும் கேட்டிருந்தாய். மருத்துவர் 10 நாள் என்று சொல்லியிருந்தால், கண்ணு, 10 நாளும் கொடு.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. மூக்கு ஒழுகும், இருமும், தானாகப் போய்விடும். அதற்கு ஆன்டிபயாடிக் வீண். இவனுக்கு வந்தது வேறு. இருமலே இல்லாமல் திடீர்க் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறி கட்டியது, டான்சிலில் வெள்ளைத் திட்டு என்று நீ எழுதியதெல்லாம் இந்தக் கிருமியின் வேலைதான். 5 முதல் 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத்தான் இது அதிகம் பிடிக்கிறது.

தொண்டை எப்படியும் ஆறிவிடும். என் பயமெல்லாம் அவன் இதயத்தைப் பற்றித்தான். இந்தக் கிருமியின் மேலுள்ள ஒரு புரதத்துக்கும் நம் இதயத் திசுவுக்கும் சாயல் ஒன்று. கிருமியை அழிக்கக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் இதயத்தையே தாக்கிவிடலாம். வலி வந்ததையே வீட்டில் மறந்துபோன 2, 3 வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் வரும். இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று வீங்கும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் வடிந்துவிடும், இதய வால்வில் விழுந்த தழும்பு போகாமல் நின்றுவிடலாம். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, அதுவும் வருடக்கணக்கில். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் முழுதாகக் கொடுத்த மருந்தால் தடுக்கக்கூடியதை ஏன் விட வேண்டும்?

எத்தனையோ கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன. இந்தக் கிருமியோ பென்சிலின் வந்து 80 ஆண்டுகளாகியும் அதற்கு அடங்கியே கிடக்கிறது. அதை நினைத்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

உடம்பில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகச் சிவந்தால் அது ஸ்கார்லெட் காய்ச்சல், உடனே காட்டு. அடுத்த சில வாரங்களுக்குச் சிறுநீரின் நிறத்தைக் கவனி. பழுப்பாகப் போனாலோ, காலையில் முகம் வீங்கியிருந்தாலோ சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கி ஒரு நாள் முழுதாக ஆகி, காய்ச்சலும் இல்லையென்றால் பள்ளிக்கு அனுப்பலாம். அதுவரை அவன் தம்ளரை யாரும் தொட வேண்டாம்.

சின்னவளுக்குத் தொண்டை வலித்தால் இவன் மருந்தில் பங்கு போட்டுக் கொடுத்துவிடாதே. அவளையும் அழைத்துப் போய்ச் சோதித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா