ஒரு கவுனுக்கும் ரசீது உண்டு: அமெரிக்க நாடாளுமன்ற வரிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் நீங்கள் நிறைவேற்றிய சட்டத்தை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடாமல், எல்லோருக்கும் பொதுவாக வரிக்குரிய வருமானத்தில் குறைக்கப்படும் நிலையான கழிவை எடுத்துக்கொள்பவர்களும் 2026 முதல் நன்கொடைக்கு 1,000 டாலர் வரை, தம்பதியர் சேர்ந்து கணக்குக் காட்டினால் 2,000 டாலர் வரை வரிக்கழிவு பெறலாம் என்றீர்கள். நல்ல காரியம். ஆனால் பணமாகக் கொடுத்தால் மட்டுமே என்று முடிச்சும் போட்டுவிட்டீர்கள். பொருளாகக் கொடுப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

பள்ளி இறுதியாண்டின் பிராம் விருந்துக்குக் கவுன் வாங்க முடியாத பெண்களுக்காக, ஒருமுறை உடுத்திய கவுன்களைச் சேகரித்துத் தரும் ஒரு சிறு அமைப்பில், நியூ ஜெர்சியில், தமிழ்ப் பெற்றோர் சிலரும் உதவுகிறோம். அண்மையில் ஓர் அம்மையார் மகளின் கருநீலக் கவுனுடன் வந்தார். பெரிய அளவு, 22. ரசீது எழுதும்போது, "இதற்குக் கழிவு உண்டா?" என்றார். "நிலையான கழிவு எடுப்பவர்களுக்கு இல்லை" என்றேன். "இதை விற்று அந்தப் பணத்தை உங்களுக்கே அனுப்பினால்?" "உண்டு." கவுனை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சில நாளில் காசோலை வந்தது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. சட்டம் காட்டிய வழியில்தான் போனார்.

அந்தக் காசோலையால் அப்படியொரு கவுனைப் புதிதாக வாங்க முடியாது. சிறிய அளவுகள் எங்களிடம் நிறையத் தொங்குகின்றன. பெரிய அளவு வருவதே அபூர்வம். அதைத் தேடி வரும் பெண், தோழிகள் கண்ணாடிமுன் சுழன்று பார்க்கும்போது ஓரமாக நின்று, "நான் சும்மா துணைக்குத்தான் வந்தேன்" என்பாள். அவளிடம் காசோலையையா நீட்டுவது?

துணிக்கு இஷ்டம்போல விலை எழுதி ஏமாற்றுவார்கள் என்பது உங்கள் அச்சம். நியாயம்தான். அதற்காகத்தானே நல்ல நிலையில் உள்ள துணிக்கே கழிவு என்று 2006-லேயே விதித்தீர்கள்? பொருள் நன்கொடை 500 டாலரைத் தாண்டினால், அதன் விவரங்களை 8283 என்ற வரிப் படிவத்திலும் எழுதித் தர வேண்டும். அவையும் போதாதென்றால் ஓர் உடைக்கு 50 டாலர் என்று உச்சவரம்பு வையுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். விலை ஏறிய பங்குகளைக் கொடுக்கும் செல்வந்தர், அந்த ஏற்றத்துக்கு வரியும் கட்டாமல் முழுச் சந்தை மதிப்பையும் கழித்துக்கொள்கிறார். ஓவியம் கொடுப்பவருக்கு மதிப்பீட்டாளரின் சான்றிதழ் போதும். நாட்டின் கருவூலம் ஒரு பழைய சாட்டின் கவுனால்தான் காலியாகப் போகிறது போலும்! 2020-இல் கொரோனாவுக்காக 300 டாலர் கழிவு தந்தபோதும் பணத்துக்கு மட்டும் என்றுதான் தந்தீர்கள்.

பொறுத்தருள்க, கோபம் முந்திக்கொண்டது. கேட்பது ஒன்றே: அந்த 1,000 டாலருக்குள், ரசீதுடன் கொடுக்கப்படும் நல்ல உடைகளும் அடங்கும் என்று ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். அடுத்த பிராம் பருவத்துக்கான சேகரிப்பைத் தொடங்குமுன் அது நிறைவேறினால், கவுனோடு வருபவர்களிடம் வேறு பதில் சொல்ல முடியும்.

பணிவுடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தன்னார்வலர்