மிச்சமாகும் நேரத்தை மாணவர்களுக்கே கொடுங்கள்

மருத்துவப் பாடத்திட்டத்தை வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்றுத்தருபவன் நான். அடிப்படை அறிவியல் பாடங்களை முழுக்க இணையவழியில் நடத்திவிடலாமா என்ற பேச்சு எழுந்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

விரிவுரைகளைத் தாராளமாக இணையத்துக்கு மாற்றுங்கள். நிரம்பி வழியும் அரங்கின் கடைசி வரிசையிலிருந்து, உயிரணுக்கள் ஆற்றல் பெறும் வேதிவினைத் தொடரான கிரெப்ஸ் சுழற்சியைக் கேட்பதைவிட, புரியாத இடத்தில் நிறுத்தி மூன்று முறை கேட்பது எவ்வளவோ மேல். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உடற்கூறாய்வுக் கூடத்திலும் ஆய்வகத்திலும் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.

ஒருநாள் மாணவி ஒருத்தி சடலத்தின் முழங்கை மடிப்பில் தோலை விலக்கிவிட்டு, "இது சிரைதானே, சார்?" என்று கேட்டாள். அவள் பார்த்துவிட்டு வந்த காணொளியில் அந்த இடத்தில் இருந்தது சிரைதான். விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்கச் சொன்னேன். சுவர் தடித்திருந்தது; அழுத்தினாலும் குழாய் எளிதில் தட்டையாகவில்லை. அது முன்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னார் தமனி. முன்கைத் தசைகளுக்கு அடியில் போகவேண்டியது, அந்த உடலில் அவற்றின் மேலாகவே ஓடியது. சிலருக்கு அப்படி அமைவதுண்டு. சிரை என்று நினைத்து அதில் மருந்தைச் செலுத்தினால் விரல்களே அழுகிப்போகலாம். இதைச் சொன்னபிறகு அவள் வெகுநேரம் அந்தக் குழாயிலிருந்து விரலை எடுக்கவில்லை. எந்தத் திரையாலும் அந்தத் தடிப்பை அவள் விரலுக்குச் சொல்லியிருக்க முடியாது.

அமெரிக்க, கனடிய மருத்துவக் கல்லூரிகளை நேரில் பார்த்து அமெரிக்கக் கல்வியாளர் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் எழுதிய அறிக்கை 1910-இல் வெளியானது. ஆய்வகமின்றி விரிவுரையை மட்டும் நம்பி நடந்த கல்லூரிகளை அவர் கடுமையாகச் சாடினார். திரையில் ஓடினாலும் விரிவுரை விரிவுரைதானே?

உண்மையில் என் அச்சம் வேறு. பாடம் இணையத்துக்குப் போனதும், "இனி இத்தனை ஆசிரியர்கள் எதற்கு?" என்று ஒரு கணக்கு கிளம்பும். அதற்கு இடம்கொடுத்துவிடாதீர்கள். முதன்முதலாக இரத்த அழுத்தம் பார்க்கும் மாணவனுக்கு, காற்றை இறக்கும்போது வரும் அந்த முதல் 'டப்' ஒலி பெரும்பாலும் பிடிபடாது. பக்கத்தில் ஒருவர் நின்று, ஸ்டெதாஸ்கோப்பைச் சரியான இடத்தில் வைத்து, "இப்போது கேள்" என்று சொல்லவேண்டும். இருபது பேருக்கு ஓர் ஆசிரியராவது இருந்தால்தான் அது நடக்கும்.

ஆகவே, அட்டவணையிலிருந்து ஒரு மணிநேர விரிவுரையை நீக்கும்போதெல்லாம், அதே இடத்தில் ஒரு மணிநேரச் சிறுகுழு வகுப்பை எழுதுங்கள். ஆசிரியரின் பெயரோடு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உடற்கூறியல் ஆசிரியர்