பேச்சிப்பாறை என்னிடம், குமரிமுனை உன்னிடம்

அன்புள்ள மக்கா,

சுகம்தானே? இங்கே தக்கலையில் ஒரு வாரமாக விடாத மழை. ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. அம்மாவுக்கு முட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பை ஊன்றிக்கொண்டு முற்றம்வரை நடக்கிறாள். உன்னைக் கேட்டாள்.

போன வாரம் ஒரு பத்திர நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பப் போனேன். "அது இப்ப கிடையாது சார், 2025 செப்டம்பர் 1-லேருந்து ஸ்பீடு போஸ்ட்டோட சேத்தாச்சு" என்றார் கவுண்டரில் இருந்த பெண். சரி என்று கொடுத்தேன். உறையில் கம்ப்யூட்டர் சீட்டு ஒன்றை ஒட்டினார். ஸ்டாம்பு என்று ஒன்று இல்லை. வெளியே வந்ததும், பழைய பேப்பரும் தட்டுமுட்டுச் சாமான்களும் எடைக்கு வாங்குகிற நம்ம ஆக்கர் கடை பாட்டாவின் நினைப்பு வந்துவிட்டது. பாட்டா இருந்தால் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னடே இருக்கு?" என்று எடைத்தட்டில் எறிந்திருப்பார்.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் நினைவிருக்கிறதா? பழைய பேப்பர் கட்டுகளைப் பிரிக்கும்போது உறை கண்ணில் பட்டால் மூலையைக் கிழித்து அதில் போட்டு வைப்பார். சவூதி, குவைத் எல்லாம் வளைகுடாவில் இருந்த நம்ம ஊர்க்காரர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து வந்தவை. சனிக்கிழமை நாம் போனால் பாட்டிலைத் தராசில் வைப்பார், பிறகு காலிப் பாட்டிலை வைப்பார், "ரெண்டுக்கும் ஒரே எடை, காசு வேண்டாம், போங்கலே" என்பார். எத்தனை சனிக்கிழமை அதே நாடகம்!

எனக்கு ஸ்டாம்பைப் பிய்க்கிற கெட்ட பழக்கம். "லேய், சுரண்டாதே. வெள்ளத்துல போடு, பைய அதுவா விடும்" என்று அவர்தான் பழக்கினார். தண்ணீரில் ஊறிக் கழன்றதை முகம் கீழே இருக்கும்படி பேப்பரில் காயவைக்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது. இடவப்பாதி மழையில் ஆல்பத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னதும் அவர்தான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்; படித்ததெல்லாம் மலையாளத்தில். ஆனால் காகிதம் தெரிந்த மனிதர். திருவிதாங்கூர் ஸ்டாம்பு கிடைத்தால் ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடிப்பார், காகிதத்துக்குள்ளேயே சங்கு தெரியும். 28 சக்கரம் ஒரு ரூபாய், 16 காசு ஒரு சக்கரம் என்ற திருவிதாங்கூர் நாணயக் கணக்கை நமக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. இன்று தமிழ்நாடு முழுக்க 'அஞ்சல்' என்று எழுதுகிறார்கள். நம்ம பாட்டாவுக்கு அஞ்சல் என்றால் 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்துபோன திருவிதாங்கூர் மகாராஜா தபால் மட்டும்தான், மற்றதெல்லாம் 'தபால்'.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பத்மநாபபுரம் பக்கத்துப் பழைய வீடு ஒன்றிலிருந்து வந்த மூட்டையில் ஒரு தடித்த உறை கிடைத்ததே, 1939-இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் 27-ஆம் பிறந்தநாளுக்கு வந்த ஸ்டாம்புகள் இரண்டு ஒட்டியது. 7 சக்கரத்தில் கன்னியாகுமரி, 14 சக்கரத்தில் பேச்சிப்பாறை அணை. அணை கட்டும்போது தன் அப்பா அங்கே கல் சுமந்ததாகச் சொல்லிக்கொண்டே பாட்டா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நமக்காக இரண்டையும் வெட்டி எடுத்தார். (விவரம் தெரிந்தவர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். உறையோடு வைத்திருந்தால் மதிப்பே வேறு.) இரண்டு பேருக்கும் பேச்சிப்பாறைதான் வேண்டும், பதினாலு ஏழைவிடப் பெரிசாயிற்றே! கைக்கு ஒன்றாக மூடிக்கொண்டு "தொடுங்கலே" என்றார். நான் முந்திக்கொண்டு வலது கையைத் தொட்டேன்.

மக்கா, அது அதிர்ஷ்டமில்லை. அவர் விரலிடுக்கில் மூலை வெளியே தெரிந்தது, '14' என்ற எண்ணையே பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நீ கடலைப் பார்த்த முகமாக ஏழு சக்கரத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் நடந்தாய். அடுத்த சனிக்கிழமை பாட்டிலில் இருந்த நல்லவை எல்லாம் உனக்கே போயின. எனக்குக் கிடைத்தவை காந்தியும் டிராக்டரும். ஏன் என்று நீ கேட்டபோது, "அவனுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, அவனே தேடி எடுத்துக்கிடட்டும்" என்றார். உனக்குப் புரிந்திருக்காது. எனக்குக் காது சுட்டது.

கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் விற்கிறார்கள்.

உன் குமரிமுனை இன்னும் இருக்கிறதா? பேத்தி ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, பேச்சிப்பாறைக்குப் பக்கத்துக் கட்டம் ஏன் காலி என்று கேட்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்து வா. தபாலில் அனுப்பிவிடாதே. வேண்டுமானால் இந்த முறை நீ முதலில் தொடு, நான் கையை நன்றாக மூடிக்கொள்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்