ரசியாவுக்கு ஒரு வரி போதாது

பள்ளி வரலாற்றுப் பாடங்களை எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மகளின் தேர்வுக்காக, டெல்லியை ஆண்ட அரசி ரசியா சுல்தானாவின் பாடத்தை அவளோடு உட்கார்ந்து படித்தேன். 'ரசியாவின் வீழ்ச்சிக்குக் காரணம் என்ன?' என்ற கேள்விக்குக் கைடில் இருந்த விடை ஒரே வரி: அபிசீனிய அடிமை யாகூத்திடம் காட்டிய பரிவு. பாடத்திலும் யாகூத் வந்த அடுத்த வரியிலேயே ரசியா வீழ்ந்துவிடுகிறார். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

ரசியாவின் தந்தை, டெல்லி சுல்தான் இல்துமிஷ் குவாலியர் மீது படையெடுத்துப் போனபோது டெல்லியைக் கவனித்துக்கொண்டவர் ரசியா. வெற்றியோடு திரும்பிய இல்துமிஷ், மகன்கள் இருக்கும்போதே மகளை வாரிசாக எழுதச் சொன்னார். கேள்வி கேட்டவர்களிடம், பையன்கள் கேளிக்கையில் மூழ்கியவர்கள், ஆளும் தகுதி மகளுக்குத்தான் இருக்கிறது என்றாராம். அப்படியும் 1236இல் அவர் இறந்ததும் அமீர்கள், அதாவது அரசவைப் பிரபுக்கள், மகன்களில் ஒருவரான ருக்னுதீனைத்தான் அரியணையில் உட்கார வைத்தார்கள். அது ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை. ருக்னுதீனின் தாய் ஷா துர்கான் ரசியாவைக் கொல்லத் திட்டமிட்டபோது டெல்லி மக்களே திரண்டு அரண்மனைக்குள் புகுந்தார்கள்; ரசியா அரியணை ஏறினார். இது ஏன் பாடத்தில் இல்லை?

சரி, யாகூத்துக்கு வருகிறேன். ரசியா அவருக்குக் கொடுத்தது குதிரை லாயங்களின் தலைமைப் பதவி. துருக்கியர் அல்லாத ஒருவர் அந்த இடத்துக்கு வந்ததைத் துருக்கிய அமீர்களால் பொறுக்க முடியவில்லை. ரசியாவின் காலத்திலேயே டெல்லியில் இருந்த வரலாற்றாசிரியர் மின்ஹாஜ், யாகூத் அரசியின் ஆதரவைப் பெற்றார், அமீர்கள் பொறாமைப்பட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கிசுகிசுவை ஊதிப் பெருக்கியவர் நூறு ஆண்டு கழித்து எழுதிய கவிஞர் இசாமி. பெண்ணுக்கு ராட்டைதான் பொருத்தம் என்று எழுதியவரும் அவரே. இந்தியாவில் ராட்டையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இப்படித்தான், ரசியாவைத் திட்டும் வரியாக, நமக்குக் கிடைத்திருக்கிறது.

1240இல் பட்டிண்டாவின் ஆளுநர் அல்தூனியா கிளர்ந்தெழுந்தபோது ரசியாவே படை நடத்திப் போனார். யாகூத் கொல்லப்பட்டார், ரசியா சிறைப்பட்டார். அப்புறம் அதே அல்தூனியாவை மணந்து, டெல்லியை மீட்கப் படையோடு வந்தார். தோற்று, கைத்தல் அருகே கொல்லப்பட்டார்.

அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வியை 'அமீர்கள் ஏன் ரசியாவை எதிர்த்தார்கள்?' என்று மாற்றுங்கள். கூடவே, நீதி, வீரம், கொடை என்று ரசியாவின் குணங்களை அடுக்கிவிட்டு, ஆணாகப் பிறக்கவில்லையே, இவற்றால் என்ன பயன் என்று மின்ஹாஜ் எழுதியதையும் சேருங்கள். பிள்ளைகள் அதை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்