கார் கடனில் எனக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள்: புகார் கடிதம்

பெறுநர்: கிளை மேலாளர், வாகனக் கடன் பிரிவு, வேலூர்.

ஐயா,

போன மாதம் 14ஆம் தேதி சாயங்காலம், ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது உங்கள் கம்பெனியிலிருந்து எனக்கு ஓர் ஓடிபி வந்தது. எங்கள் கார் கடனுக்கு மேல் 2,00,000 ரூபாய் டாப்-அப், அதாவது கூடுதல் கடன், கேட்டிருப்பதாகவும், கூட்டுக் கடன்தாரரான என் சம்மதத்துக்கான எண் அது என்றும் மெசேஜ் சொன்னது. நான் எதையும் கேட்கவில்லை. இரண்டே நிமிஷத்தில் உங்கள் ஆள் ஒருவர் போன் செய்து, "மேடம், சார் எல்லாம் சொல்லிட்டாரு, அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க, முடிச்சிடலாம்" என்றார். சொல்லாமல் போனை வைத்துவிட்டேன், ஆனால் பஸ் காட்பாடி வந்து சேரும் வரை கை நடுங்கியது.

அந்த "சார்" என் கணவர். எங்கள் விவாகரத்து வழக்கு சத்துவாச்சாரி கோர்ட்டில் நடக்கிறது. இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மார்ச் மாதமே வழக்கு எண்ணைப் போட்டு உங்கள் கிளையில் கடிதம் கொடுத்திருக்கிறேன், நகலில் உங்கள் சீல் இருக்கிறது. அப்படியிருந்தும் டாப்-அப் விண்ணப்பத்தை வாங்கி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஓடிபி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

மறுநாள் பாதி நாள் லீவு போட்டு நேரில் வந்தேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆர்.சி.ல உங்க பேரே இல்லியே, நாங்க அவர்கிட்டதான் பேச முடியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். சரி, ஆர்.சி. அவர் பெயரில்தான். ஆனால் முன்பணம் என் அம்மா போட்ட நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டியது. 60 தவணையில் இதுவரை போனது 41, அதில் 33 என் சம்பளக் கணக்கிலிருந்து, மாதம் 11,850 ரூபாய். ஆகஸ்டில் அவர் பக்கம் தவணை பவுன்ஸ் ஆனபோது காலை எட்டு மணிக்கே உங்கள் வசூல் பிரிவு கூப்பிட்டது என்னைத்தான். தவணை கேட்கும்போது நான் கடன்தாரர், கடனில் என்ன நடக்கிறது என்று நான் கேட்டால் யாரோ ஒருத்தியா?

இப்போது அந்தக் கார் எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபாஸ்டேக் என் நம்பரில், என் வங்கிக் கணக்கில் இருக்கிறது. ராத்திரி 1.40க்குப் பள்ளிகொண்டா டோல்கேட், அடுத்து வாணியம்பாடி, அப்புறம் கிருஷ்ணகிரி என்று ஒரே வாரத்தில் நாலு தடவை பணம் பிடித்த மெசேஜ் வந்தது. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் வெளியூர் நோயாளிகளையும், ஸ்ரீபுரம், திருப்பதி என்று கோயிலுக்குப் போகிறவர்களையும் அந்தக் கார் வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போவதை என் சித்தப்பா மகனே பார்த்திருக்கிறான். அது வெள்ளை போர்டு வண்டி. சொந்த உபயோகத்துக்கென்று போட்ட இன்சூரன்ஸில் வாடகைக்கு ஓட்டுவதற்கு இடமே கிடையாது. நாளைக்கு எங்காவது மோதி வண்டி நொறுங்கிப்போய், இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் காரணத்தைச் சொல்லிக் கைவிரித்துவிட்டால், மிச்சம் 19 தவணைக்கு நீங்கள் யார் வீட்டு வாசலுக்கு வருவீர்கள்? எனக்கு ராத்திரியில் தூக்கம் வராததே இதனால்தான்.

கார் யாருக்கு என்று உங்களைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லவில்லை, அது கோர்ட் வேலை. ஆனால் ஆர்.சி.யில் உங்கள் அடமானம் பதிவாகியிருக்கிற வரைக்கும், மோட்டார் வாகனச் சட்டம் 51ஆம் பிரிவுப்படி, நீங்கள் எழுத்தில் சம்மதம் தராமல் ஆர்.டி.ஓ.வில் வண்டி இன்னொருவர் பெயருக்கு மாறாது. பாரம் 35இல் உங்கள் கையெழுத்து விழுந்தால்தான் அடமானம் நீங்கும். அவர் எங்கேயாவது கடன் வாங்கி மொத்தத்தையும் கட்டிவிட்டு, கடன் முடிந்தது என்று நீங்கள் தரும் தடையில்லாச் சான்றை (என்ஓசி) கையில் வாங்கிய அன்றைக்கே காரை விற்றுவிட்டால், எனக்கு கோர்ட்டில் கேட்பதற்குக் கார் இருக்காது. அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன்.

அந்த டாப்-அப் விண்ணப்பத்தை ரத்து செய்து, ரத்தானதை எழுத்தில் கொடுங்கள். அதை யார், எந்தத் தேதியில், எந்தக் கையெழுத்தோடு கொடுத்தார்கள் என்ற நகலும் வேண்டும், ஏனென்றால் நான் போடாத கையெழுத்து ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் கணக்கு விவரம் ஒவ்வொரு மாதமும் என் ஈமெயிலுக்கு வரட்டும். யாராவது கடனை முன்கூட்டி முடிக்க வந்தால், என்ஓசியும் பாரம் 35உம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு எழுத்தில் தகவல் தந்து, கோர்ட்டில் மனு போட 15 நாளாவது அவகாசம் கொடுங்கள். காரை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று இடைக்கால உத்தரவு கேட்டு என் வக்கீல் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறார், உத்தரவு கிடைத்ததும் நகலை நானே கொண்டுவந்து தருகிறேன்.

தவணையை நான் நிறுத்தப் போவதில்லை. 5ஆம் தேதி வழக்கம்போல என் கணக்கில் பணம் இருக்கும்.

30 நாளுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) இதே கடிதத்தை அனுப்புவேன். 33 தவணை போன பாஸ்புக் பக்கங்கள், உங்கள் சீல் உள்ள மார்ச் மாதக் கடித நகல், ஓடிபி மெசேஜ், டோல்கேட் மெசேஜ்கள் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கூட்டுக் கடன்தாரர்,
காட்பாடி.