கருப்பு வண்டிக்காரனுக்கு ஒரு கடிதம்

தருமபுரி
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

மாப்ள,

நாலு மாசமாக ஒரு போன்கூட இல்லை என்று நீ திட்டியதெல்லாம் வாத்தியார் மூலமாக வந்து சேர்ந்தது. தப்பு என் பேரில்தான். வீட்டில் எல்லாரும் நலம். குசலம் இதோடு முடிந்தது. புதன்கிழமை நீ முன்பணம் கட்டிவிடுவாய் என்பதால்தான் இந்த அவசரக் கடிதம்.

உன் கருப்புக் காருக்குச் செராமிக் கோட்டிங் போட ஒரு கடையில் வாங்கி நீ அனுப்பிய விலைச்சீட்டைப் படித்தேன். ஆயுளுக்கும் பளபளப்பு, கீறலே விழாது, ஒரே நாளில் டெலிவரி. முதல் இரண்டும் பொய். மூன்றாவது உண்மையாக இருந்தால் அதுதான் இன்னும் மோசம்.

செராமிக் கோட்டிங் என்பது பெயிண்டின் மேல் பூசி இறுக விடும் ஒரு திரவம். காய்ந்தபின் அதன் கனம் ஒரு மைக்ரான் அளவுதான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 9எச் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அது பென்சில் கணக்கு. பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனை. பர்கூர் ரோட்டில் டிப்பர் லாரி சிதறவிடும் ஜல்லிக்கு அந்தக் கணக்கு தெரியாது. கல்லடிக்குப் பயந்தால் பி.பி.எஃப். ஒட்ட வேண்டும், அது பெயிண்டைக் காக்க மேலே ஒட்டும், 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் படலம், விலையும் வேறு. கோட்டிங் தருவது இவ்வளவுதான்: தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சுலபமாக விடும், காக்கா எச்சமும் மாம்பாலும் பெயிண்டைத் தின்பதற்குள் துடைத்தெடுக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். எனக்கு இதுவே போதும் என்று தோன்றுகிறது.

ஆனால் அடியில் என்ன இருக்கிறதோ, அதை அப்படியே மூடி வைத்துவிடும். நீ அனுப்பிய இரண்டாவது போட்டோவில், பானெட்டில் பிரதிபலிக்கும் தெருவிளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாக இருக்கிறதே, அதைப் பார்த்தாயா? அந்த வலையைப் பின்னியது நீயேதான். காலையில் வண்டி எடுக்குமுன் ஒரு குச்சித் துடைப்பானால் பரபரவென்று இழுக்கிறாய் பார், அது. உங்கள் ஊரில் பறப்பது வெறும் மண் இல்லை, கிரானைட் அறுக்கும் தூள். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது, கல்லின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் 7. உன் கருப்புப் பெயிண்டின் மேலிருக்கும் நிறமில்லாத பூச்சு, அந்தக் கிளியர் கோட், அதன் முன்னால் வெண்ணெய். உங்க அப்பா டி.வி.எஸ். 50-ஐ மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பாரே, அவராவது முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் துடைத்தார்.

எனவே கோட்டிங் கடைசி வேலை. காசும் நேரமும் போவது அதற்கு முன்னால்தான்.

முதலில் கழுவுவது. இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். கையுறையால் மேலிருந்து கீழே, நேர்க்கோட்டில். பிறகு பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத்தூளைக் கரைக்கும் திரவத்தை அடித்து மூன்று நாலு நிமிடம் விட வேண்டும், காயவிடக் கூடாது. தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னாலேயே பிரேக்கைப் பிடித்தபடி இறங்குகிற உன் வண்டிக்கு நாவல்பழச் சாறு மாதிரி ஊதா நிறத்தில் வழியும். அழுகிய முட்டை நாற்றம் வரும், பயப்படாதே. தார்ப்புள்ளிக்குத் தனித் திரவம். அப்புறம் ஒரு மளிகைக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பார். ரவை கொட்டினாற்போல நெருநெருத்தால் களிமண் கட்டி, அதாவது கிளே பார், போட வேண்டும். ஷாம்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல். கட்டி தரையில் விழுந்துவிட்டால் ‘பரவாயில்லை’ என்று எடுத்துத் தேய்க்கக் கூடாது, குப்பைக்குத்தான்.

அடுத்தது பாலிஷ். இங்கேதான் கடைக்காரனை நீ வாய்விட்டுக் கேட்க வேண்டும்: “பெயிண்ட் கனம் அளக்கிற மீட்டர் இருக்கா?” கம்பெனி பெயிண்ட் மொத்தமே 100 முதல் 140 மைக்ரான் சொச்சம், அதில் மேலே உள்ள கிளியர் கோட் 35 முதல் 50 வரை. காம்பவுண்ட் என்கிற கரடான பாலிஷ் ஒரு ரவுண்டு போட்டால் இரண்டு மூன்று மைக்ரான் போகும். வருஷா வருஷம் தீபாவளிக்குப் பாலிஷ் போடுகிறவன் வண்டி ஐந்தாறு வருஷத்தில் ஓரங்களில் வெளுக்கிறது என்றால் காரணம் இதுதான். உன் பின் இடது கதவு வேறு கதை. கம்பைநல்லூர் கல்யாணத்துக்குப் பிறகு பட்டி பார்த்ததை நான் மறக்கவில்லை, சிரித்தும் முடிக்கவில்லை. அந்தக் கதவில் மீட்டர் எகிறும். ‘அடேயப்பா, இங்கே பெயிண்ட் நிறைய இருக்கு’ என்று நினைத்து மெஷினை அழுத்தினால் போச்சு. கனமெல்லாம் பட்டி, கிளியர் கோட் எவ்வளவு என்று மீட்டர் சொல்லாது.

மெஷின் டி.ஏ.யாக இருக்கட்டும், அதாவது பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்கிற வகை. ஒரே இடத்தில் சுழலும் ரோட்டரி கெட்டதில்லை, கை தேர்ந்தவன் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலில் ஹோலோகிராம், அதாவது மெஷின் விட்ட தடம், நெளியும், கருப்பில் அதை மறைக்கவே முடியாது. பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி ஒரு சோதனை போடச் சொல். மென்மையான பேட், மிதமான பாலிஷிலிருந்து ஆரம்பித்து, கீறல் போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே. பேடில் பட்டாணி அளவு மூன்று நாலு சொட்டு போதும். மெதுவான வேகத்தில் பரப்பி, பிறகு மெஷின் வேகத்தை நாலு ஐந்தில் வைத்து குறுக்கும் நெடுக்குமாக நாலு முதல் ஆறு ஓட்டம், கை அவசரப்படாமல். ஒவ்வொரு பகுதிக்கும் பேடைத் தட்டிச் சுத்தம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு சூடேறும்.

முடிந்ததும் பளபளவென்றிருக்கும். அங்கே நம்பாதே. பாலிஷில் உள்ள எண்ணெய் சன்னக் கீறலை நிரப்பி மறைக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 10 - 15 சதம் கலந்த தண்ணீரால் துடைத்த பிறகு டார்ச் அடித்துப் பார். எண்ணெய் மிச்சமிருந்தால் கோட்டிங்கும் பிடிக்காது, ஆறு மாதத்தில் திட்டுத் திட்டாக ஒழியும். அப்புறம் ‘மருந்து டூப்ளிகேட்’ என்று யாரையாவது திட்டுவாய்.

கோட்டிங் பூசுவது கடிகாரத்தோடு போட்டி. பாட்டில் அட்டையில் ஒரு நிமிடம் விடு என்றிருந்தால், நம்ம வைகாசி வெயிலில் அரை நிமிடம்கூடத் தாங்காது. அதனால் தகரக் கொட்டகையில் மத்தியானம் பூசுகிறேன் என்பவனிடம் வண்டியைக் கொடுக்காதே. விடியற்காலை, பானெட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது. ஒரு தடவைக்கு ஒரு கதவில் பாதிதான். பூசியதில் வானவில் நிறம் ஓடத் தொடங்கியதும் ஒரு துணியால் எடுத்து, இன்னொரு துணியால் தடம் இல்லாமல் துடைக்க வேண்டும். விட்டுப்போன இடம் கருகிய எண்ணெய்க்கறை மாதிரி நிற்கும். உடனே பார்த்தால் அதே மருந்தை ஒரு சொட்டு தொட்டுத் துடைத்தாலே இளகும். மறுநாள் பார்த்தால் திரும்ப மெஷின்தான். பூசிய துணியைத் துவைத்துப் பத்திரப்படுத்தாதே, காய்ந்ததும் அது கண்ணாடித்தூள் தைத்த துணி. ஒரு ராத்திரி தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. ஒரே நாள் டெலிவரியை நான் திட்டியது இதனால்தான்.

எனக்கு உண்மையில் கவலை தண்ணீர்தான் மாப்ள. நம்ம ஜில்லாத் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு என்பார்கள். காருக்கு வில்லன் அது இல்லை, போர் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு. கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், வெயிலில் முத்து காய்ந்தால் அது நின்ற இடத்தில் வெள்ளை வளையம். சில நாள் விட்டால் வளையம் கோட்டிங்குக்குள்ளேயே இறங்கிவிடும். அதைவிட மோசம், உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று நீ வண்டி கழுவுவது. உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர் அது! செடிக்குக்கூட யோசித்துத்தான் ஊற்ற வேண்டும். கடைசி அலசலுக்கு ஏ.சி. சொட்டுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வை, மழை பிடித்தால் இன்னும் நல்லது. அலசின கையோடு துணியால் ஒற்றி எடுத்துவிடு. வளையம் விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் ஒற்றிக் கழுவு. எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்க்கச் சொல்லும் உன் மச்சான் பேச்சைக் கேட்காதே.

தங்கச்சியிடமும் பசங்களிடமும் கேட்டதாகச் சொல். கருப்பு வேண்டாம் என்று அன்றைக்கு அவள் சொன்னபோது நானும் உன் பக்கம் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்.

புதன்கிழமை பணம் கட்டாதே. மீட்டர் இருக்கிறதா, பூசிய பிறகு ஒரு ராத்திரி வண்டியை உள்ளே வைத்திருப்பார்களா என்று இந்த இரண்டை மட்டும் கேட்டு எனக்குப் போன் பண்ணு. பெங்களூரா மாங்காய் ஒரு கூடை கொண்டுவருவதாகச் சொன்னாயே, வா. வருமுன் டிக்கியில் இருக்கும் அந்தக் குச்சித் துடைப்பானை எடுத்து வீட்டு ஒட்டடைக்கு வைத்துவிட்டு வா.

உன்,
ஓட்டவாய்